டோனர் எத்தனை பக்கம் வரும்?

எச்பி 12ஏ கார்ட்ரிட்ஜின் பெட்டியில் 2,000 பக்கம் என்று போட்டிருக்கும். 88ஏ என்றால் 1,500. கேனனின் நடுத்தர ஜெராக்ஸ் இயந்திரங்கள் சிலவற்றுக்குப் போடும் என்பிஜி-59 டோனருக்கு 10,200. சின்னமனூரை அடுத்த மார்க்கையன்கோட்டை மாதிரி ஒரு பேரூரில் அலுவலகமானாலும் கூட்டுறவுச் சங்கமானாலும் கடைத்தெரு ஜெராக்ஸ் கடையானாலும் பெரும்பாலும் இந்த வகை இயந்திரங்களில்தான் வேலை ஓடுகிறது. பெட்டி எண்ணை நம்பி ஆண்டுக்கு இத்தனை கார்ட்ரிட்ஜ் என்று கணக்கெழுதிவிட்டு, பாதி ஆண்டிலேயே டோனர் தீர்ந்து நிற்பவர்கள் உண்டு. உடனே சந்தேகம் விற்றவர் மேல் திரும்பும். போலிச் சரக்கு, பொடி குறைவு, இயந்திரம் கோளாறு என்று மூன்று குற்றச்சாட்டும் ஒரே மூச்சில் வரும்.

சில நேரம் அவை உண்மையாகவும் இருக்கும். ஆனால் பெரும்பாலான தகராறுகளுக்குக் காரணம் வேறு. பெட்டியிலுள்ள எண் ஒரு குறிப்பிட்ட தாளை, குறிப்பிட்ட அறையில், குறிப்பிட்ட முறையில் அச்சிட்டு எடுத்தது. நாம் அச்சிடும் தாளும் நம் அறையும் நம் முறையும் அதோடு ஒத்துப்போவதில்லை. எவ்வளவு ஒத்துப்போகவில்லை என்பதைக் கணக்கிட முடியும். அந்தக் கணக்கை ஒவ்வொரு அலுவலகமும் தானே போட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. யாரும் நமக்காகப் போட்டுத் தரப்போவதில்லை.

முதலில் அந்த எண்ணின் பிறப்பைப் பார்ப்போம். கறுப்பு வெள்ளை டோனர் கார்ட்ரிட்ஜ்களுக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 19752 என்ற பன்னாட்டுத் தரவிதி 2004இல் வந்தது. 2017இல் திருத்திய பதிப்பு வெளியானது. அதன்படி குறைந்தது மூன்று இயந்திரங்களில், இயந்திரத்துக்கு மூன்று வீதம் குறைந்தது ஒன்பது கார்ட்ரிட்ஜ்களைத் தீரும்வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். அறையின் வெப்பம் 23 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்ற அளவை ஒட்டி இருக்க வேண்டும். எல்லா இயந்திரத்திலும் ஒரே சோதனைப் பக்கம்தான். எழுத்து மங்கத் தொடங்கினால் கார்ட்ரிட்ஜை எடுத்து எப்படிக் குலுக்கிப் போடுவது என்பதைக்கூட விதி வரையறுக்கிறது. கடைசியில் சராசரியை அப்படியே பெட்டியில் போட்டுவிட முடியாது. ஒன்பது கார்ட்ரிட்ஜுக்குள் உள்ள ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் எடுத்து, 90 சதவீத நம்பிக்கை அளவின் கீழ் எல்லைக்கு மிகாமல்தான் அறிவிக்க வேண்டும். ஒழுங்காக நடத்தினால் நேர்மையான சோதனை இது. அதற்கு முன்பு அவரவர் தமக்கு வசதியான பக்கத்தை அடித்து எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால், விதி வந்தது வாங்குகிறவர்களுக்குப் பெரிய நன்மை.

சோதனைப் பக்கத்தில் கறுப்பு ஏறிய பரப்பு ஏறத்தாழ 5 சதவீதம். கவரேஜ் என்று சொல்வது இதைத்தான். ஏ4 தாள் 21 சென்டிமீட்டர் அகலம், 29.7 சென்டிமீட்டர் நீளம். பரப்பு ஏறத்தாழ 624 சதுர சென்டிமீட்டர். அதில் 5 சதவீதம் 31 சதுர சென்டிமீட்டர். பக்கத்தில் இருக்கும் எழுத்து, கோடு, முத்திரை எல்லாவற்றையும் திரட்டி ஒரே இடத்தில் கறுப்பாகப் பூசினால் நான்கு புறமும் ஐந்தரை சென்டிமீட்டர் வரும் ஒரு சதுரம்தான் கிடைக்கும். மேலே முகவரி, நடுவே இரண்டு மூன்று பத்தி, கீழே கையெழுத்து என்று இடம் விட்டு அடித்த கடிதம் இந்த அளவில் அடங்கும். நெருக்கமாக அடித்த முழுப் பக்கம் தாண்டிவிடும்.

நெல் மூட்டையின் எடையை ஈரப்பதம் சொல்லாமல் பேச முடியாது என்பது இந்தப் பகுதி விவசாயிகளுக்குத் தெரியும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் என்ற எல்லை இருப்பதால்தான் ஒருவர் மூட்டையையும் இன்னொருவர் மூட்டையையும் ஒப்பிட முடிகிறது. பக்க எண்ணிக்கைக்கும் கவரேஜ் அப்படித்தான். அதைச் சொல்லாமல் 2,000 என்றோ 10,000 என்றோ சொன்னால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. மேசைமேல் வைக்கும் லேசர் பிரிண்டர்களுக்கு 5 சதவீதம் நிலைபெற்றுவிட்டது. ஆனால் ஏ3 தாள் வரை எடுக்கும் ஜெராக்ஸ் இயந்திரங்களின் விவரத்தாளில் பல நிறுவனங்கள் 6 சதவீதக் கணக்கைப் போடுகின்றன. முன்னே சொன்ன 10,200 அந்த 6 சதவீதக் கணக்குதான். ஒருவர் 5 சதவீதத்தில் 11,000 பக்கம் என்கிறார், இன்னொருவர் 6 சதவீதத்தில் 10,200 பக்கம் என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணை மட்டும் பார்த்தால் முதலாமவர் பக்கம் சாய்வோம். 10,200ஐ 6ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 12,240 வருகிறது. பொடி கூடுதலாக இருப்பது இரண்டாவதில்தான். விலைப்புள்ளி கேட்கும்போது இந்த ஒரு வரிப் பெருக்கலைச் செய்யாமல் ஒப்பிட்டால் ஒப்பீடே தவறாகிவிடும்.

பொடி எப்படிச் செலவாகிறது என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் தேய்த்து மின்னேற்றி, எழுத்துள்ள கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சினார். லைக்கோபோடியம் என்ற தாவரப் பொடியைத் தூவி, ஒட்டாத பொடியை ஊதித் தள்ளினார். மின்னேற்றம் மிச்சமிருந்த இடத்தில் எழுத்து நின்றது. 1959இல் வந்த ஜெராக்ஸ் 914 இயந்திரம் அந்தச் செயலை அலுவலகத்துக்குள் கொண்டுவந்தது. தகட்டின் இடத்தில் இன்று இயந்திரத்துக்குள் சுழலும் டிரம்மிலும் நடப்பது அதேதான். பொடி மட்டும் மாறியிருக்கிறது: பிளாஸ்டிக் பிசினும் கரியும் மெழுகும் சேர்ந்த, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்கள். அன்று வாயால் ஊதித் தள்ளிய வேலையை இன்று கிளீனிங் பிளேடு செய்கிறது.

அந்த பிளேடு வழித்தெடுப்பதுதான் வேஸ்ட் டோனர். டிரம்மில் ஒட்டிய பொடி அத்தனையும் தாளுக்குப் போவதில்லை. ஒரு பங்கு டிரம்மிலேயே தங்கி, வழித்தெடுக்கப்பட்டுக் கழிவுக் குடுவைக்குள் விழுகிறது. 12ஏ வகையை ரீஃபில் செய்பவர்கள் போடும் பொடி ஏறத்தாழ 100 கிராம். அதை 2,000 பக்கத்துக்கு வகுத்தால் பக்கத்துக்கு 50 மில்லிகிராம். தாளில் ஏறியது, கழிவுக்குப் போனது, அடியில் ஒட்டிக்கிடந்து பயன்படாமல் போனது மூன்றும் சேர்ந்த கணக்கு அது. பக்கம் என்று எண்ணுவதைவிட மில்லிகிராமாக நினைத்துப் பார்த்தால் பல குழப்பம் தெளியும். இயந்திரத்துக்குப் பக்கம் தெரியாது. கறுப்பாக்க வேண்டிய பரப்புதான் தெரியும்.

இனி நம் ஊர்த் தாள்களுக்கு வருவோம். பெட்டி எண்ணுக்கும் நமக்கும் உள்ள தூரம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் நெல் விளைகிறது. அணையில் நீர் இருந்தால் ஜூன் மாதத் தொடக்கத்தில் முதல் போகத்துக்குத் திறப்பார்கள். அறுவடையானதும் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கு நெல்லோடு சேர்ந்து தாளும் போக வேண்டும்: சிட்டா, அடங்கல், ஆதார், வங்கி பாஸ்புக் நகல்கள். பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் ஏறத்தாழ இதே கட்டுதான். இந்த நான்கு தாளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிமேல் வைத்துப் பார்க்கலாம்.

சிட்டா பிரச்சினை இல்லாதது. கணினியில் எடுத்த அச்சு, கட்டம் போட்ட சிறு பட்டியல், வெள்ளைத் தாள். 5 சதவீதம் என்று வைக்கலாம். அடங்கலில் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். பலமுறை மடித்துக் கசங்கியிருந்தால் மடிப்பின் நிழலும் நகலில் விழும். 6 சதவீதம் என்போம்.

பாஸ்புக்கை விரித்துக் கவிழ்த்து வைத்தால் நடுத் தையலில் தாள் கண்ணாடியைத் தொடாது. அங்கே ஒரு கறுப்புப் பட்டை விழும். புத்தகத்தின் ஓரத்திலும் இன்னொன்று. ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் நீளம் என்றால் இரண்டும் சேர்ந்து 40 சதுர சென்டிமீட்டர், தாளில் 6.4 சதவீதம். சோதனைப் பக்கத்தின் மொத்தக் கறுப்பையும் விட இந்த இரண்டு பட்டைகள் அதிகம். யாருக்கும் தேவைப்படாத கறுப்பு அது. பெயரும் கணக்கு எண்ணும் போட்டோவும் உள்ள பகுதியோடு சேர்த்தால் 10 சதவீதம் வந்துவிடும்.

ஆதார் அட்டைதான் முக்கியமானது. பிளாஸ்டிக் அட்டையின் அளவு 85.6க்கு 54 மில்லிமீட்டர், 46 சதுர சென்டிமீட்டர். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் எடுத்தால் 92. தாளில் 15 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அட்டைக்குள் போட்டோ, கியூஆர் கட்டம், எழுத்து, வெளிர்ப் பின்னணி எல்லாம் சேர்ந்து கால்பங்கு கறுப்பு என்று கொண்டால் தாளின் கவரேஜ் 4 சதவீதத்துக்குள் அடங்கும். அதாவது சோதனைப் பக்கத்தைவிடக் குறைவு. ஆனால் அது மூடியை மூடி எடுத்தால்.

மூடியைத் திறந்து வைத்தபடி எடுத்தால் என்ன நடக்கிறது? அட்டை மறைக்காத 85 சதவீதக் கண்ணாடியில் விளக்கொளி திரும்பி வராமல் மேலே போய்விடுகிறது. ஒளி திரும்பாத இடத்தை இயந்திரம் கறுப்பென்றே எடுத்துக்கொள்ளும். அறையின் வெளிச்சத்தையும் இயந்திரத்தின் அமைப்பையும் பொறுத்து அது சாம்பலாகவோ முழுக் கறுப்பாகவோ வரும். முழுக் கறுப்பென்றால் அந்த ஒரு தாளில் ஏறத்தாழ 89 சதவீதம். சோதனைப் பக்கம் பதினேழு பதினெட்டு அடிக்கக்கூடிய பொடி ஒரே நகலில் போய்விட்டது.

நான்கு தாள் கட்டின் சராசரியை இப்போது எடுப்போம். மூடியை மூடி எடுத்தால் 5, 6, 10, 4 சேர்ந்து 25, சராசரி 6.25 சதவீதம். 10,200 பக்க டோனர் அந்தக் கணக்கில் 9,800 பக்கம் வரை வரும், பெட்டி எண்ணுக்குப் பக்கத்தில். ஆதாரை மட்டும் மூடி திறந்து எடுத்தால் சராசரி 27.5 சதவீதம், 2,225 பக்கத்தில் டோனர் தீரும். முழுக் கறுப்பாகாமல் பாதிச் சாம்பலாக விழுந்தாலும் ஏறத்தாழ 3,600 பக்கம்தான். ஒரே பொடி, ஒரே இயந்திரம், ஒரே விவசாயியின் நான்கு தாள். பொடி போலி என்று சண்டைக்குப் போகுமுன் மூடியைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இப்போது வரும் இயந்திரங்கள் பலவற்றில் அடையாள அட்டைக்கென்றே ஒரு நகல் முறை இருக்கிறது. இரு பக்கத்தையும் தானே ஒரே தாளில் அமைத்து, சுற்றியுள்ள கறுப்பை விட்டுவிடும். அந்தப் பொத்தானைத் தொடாமலே பல கடைகளில் காலம் ஓடுகிறது.

கண்ணாடிமேல் வைத்து எடுக்கும் நகலுக்கும் கணினியிலிருந்து வரும் பிரிண்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். ஐஎஸ்ஓ சோதனை பிரிண்டுக்கானது. கோப்பிலிருந்து வரும் பக்கத்தில் வெள்ளை என்றால் முழு வெள்ளை, அங்கே ஒரு துகளும் விழாது. நகலில் அப்படியில்லை. பழைய பத்திரத்தின் பழுப்பு, பச்சை முத்திரைத்தாளின் நிறம், நகலுக்கு நகல் எடுத்ததில் படிந்த அழுக்கு எல்லாம் பின்னணிச் சாம்பலாக விழும். கண்ணுக்கு லேசான புகை மாதிரித்தான் தெரியும். ஆனால் அது தாள் முழுக்கப் பரவியது. அந்தப் புகை 4 சதவீதம் என்றால் 5 சதவீதப் பக்கம் 9 சதவீதமாகிவிட்டது. டோனரின் ஆயுள் கிட்டத்தட்டப் பாதி. பத்திரங்களை லீகல் தாளில் எடுக்கும் வழக்கம் உண்டு. அந்தத் தாள் ஏ4ஐவிட 23 சதவீதம் பெரியது என்பதால் புகைக்கும் அத்தனை இடம் கூடுதல். டென்சிட்டியை ஒரு படி குறைத்து, எழுத்து முறையைத் தேர்ந்தெடுத்தால் பின்னணி பெருமளவு போய்விடும். வாடிக்கையாளர் நகல் கறுப்பாக இருந்தால்தான் நல்லது என்று நினைப்பதால் பலர் டென்சிட்டியைக் கூட்டியே வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கு அது தேவையில்லை.

இன்னொரு வகைத் தாளையும் விடக் கூடாது. ஊரில் ஒருவர் இறந்துவிட்டால் கண்ணீர் அஞ்சலித் தாளை ஜெராக்ஸில் நூறு இருநூறு எடுப்பார்கள். 10க்கு 12 சென்டிமீட்டர் போட்டோ என்றாலே 120 சதுர சென்டிமீட்டர், தாளில் 19 சதவீதம். பாதிக் கறுப்பு என்று எடுத்தாலும் படத்துக்கு மட்டும் 10 சதவீதம் போய்விடும். கனமான எழுத்தில் பெயர், தாளைச் சுற்றிக் கறுப்புக் கரை, கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து எல்லாம் சேர்ந்தால் 25, 30 என்று ஏறும். இருநூறு தாளுக்கு 1,000 சோதனைப் பக்கத்துக்கு மேலான பொடி. இதைச் செய்யக் கூடாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து என்பதை வெள்ளையில் கறுப்பு எழுத்தாக மாற்றிக் கொடுத்தால் தாளும் தெளிவாக இருக்கும், பொடியும் மிஞ்சும்.

அந்தச் சோதனைப் பக்கத்தில் தமிழ் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தமிழ் எழுத்தில் வளைவும் சுழியும் கொம்பும் துணைக்காலும் அதிகம். ஒரே செய்தி தமிழில் கூடுதல் வரிகளைப் பிடிக்கும். எழுத்துருவுக்கு எழுத்துரு கோட்டின் தடிமனும் மாறுகிறது. அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் புழங்கிய வானவில் அவ்வையாரில் அடித்த கடிதத்தையும் அதையே யூனிகோடில் வேறோர் எழுத்துருவுக்கு மாற்றி அடித்ததையும் அருகருகே வைத்தால் கறுப்பின் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். தலைப்பும் பொருளும் பார்வையும் எல்லாமே போல்டு என்ற அலுவலக வழக்கம் அதன்மேல் சேர்கிறது.

எத்தனை சதவீதம் என்று ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். செலவும் இல்லை. பக்கத்தை கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றி, கிம்ப் என்ற இலவச மென்பொருளில் திறந்து, ஹிஸ்டோகிராம் என்ற இடத்துக்குப் போனால் சராசரி மதிப்பு ஒன்று காட்டும். முழு வெள்ளைக்கு 255, முழுக் கறுப்புக்கு 0. காட்டும் எண்ணை 255இலிருந்து கழித்து 255ஆல் வகுத்தால் கவரேஜ். சராசரி 240 என்று வந்தால் 15ஐ 255ஆல் வகுக்க, ஏறத்தாழ 6 சதவீதம். அலுவலகத்தில் அடிக்கடி எடுக்கும் படிவங்களுக்கு இப்படி ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் போதும். கணினி தெரிந்த ஊழியருக்கு ஒரு மதிய நேர வேலை.

பரப்பு மட்டும் முழுக் கணக்கையும் தீர்த்துவிடாது. ஐஎஸ்ஓ சோதனையில் இயந்திரம் தொடர்ந்து ஓடுகிறது. கடையில் ஓடுவது அப்படியல்ல. ஒருவர் வந்து ஒரு ஆதார், போகிறார். பத்து நிமிடம் கழித்து இன்னொருவர் வந்து ஒரு பட்டா. ஒவ்வொரு முறையும் டிரம் முன்னும் பின்னும் சில சுற்று வெறுமனே சுழல்கிறது, சுத்தம் செய்கிறது, நிறுத்துகிறது. மின்சாரம் போய் வந்தால் மறுபடி சூடேறித் தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது. இதில் சிறு அளவு பொடியும், அதைவிட முக்கியமாக டிரம்மின் ஆயுளும் கரைகிறது. ஒரு தாள் ஒரு தாளாக எடுக்கும் இடத்தில் விகிதக் கணக்கு தருவதைவிடச் சற்றுக் குறைவாகவே எதிர்பார்க்க வேண்டும். கவரேஜ் மிகக் குறைந்த பக்கங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 1 சதவீதம் அடித்தால் ஐந்து மடங்கு பக்கம் வரும் என்று எண்ணினால் அதற்குள் டிரம்மும் பிளேடும் தேய்ந்துவிடும்.

அறை 23 டிகிரி, ஈரப்பதம் 50 என்பது நமக்கு ஆண்டில் சில வாரம் கிடைத்தால் பெரிது. கோடை மதியத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும். தென்மேற்குப் பருவத்தில் மலைப் பக்கமிருந்து சாரல் காற்று, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை ஈரம். காற்றில் ஈரம் கூடினால் பொடியில் மின்னேற்றம் சரியாகத் தங்காது. சரியாக மின்னேறாத துகள்தான் வெள்ளை இடத்தில் போய் ஒட்டிப் புகையாகத் தெரியும். தாளும் ஈரம் குடிக்கும், பொடி தாளுக்கு மாறும் அளவும் குறையும், மிச்சம் வேஸ்டுக்குப் போகும். புகலூர் டிஎன்பிஎல் தாளானாலும் வேறு தாளானாலும் 500 தாள் கட்டைப் பிரித்து மேசையில் போட்டுவைக்காமல், எடுத்ததுபோக மீதியை உறைக்குள்ளேயே மூடி வைப்பதால் மழைக்காலத்தில் தெரியும்படியான பலன் உண்டு. மாற்று டோனர்க் குடுவையை வெயில் படும் ஜன்னலோரம் வைக்கவே கூடாது. சூட்டில் பொடி கட்டிதட்டிவிடும்.

ரீஃபில் பற்றிப் பேசாமல் எந்த ஊரிலும் டோனர்க் கணக்கு முடியாது. 2,000 பக்க கார்ட்ரிட்ஜ் ஒன்றின் விலை 4,000 ரூபாய் என்று வைத்தால் 5 சதவீதத்தில் பக்கத்துக்கு 2 ரூபாய். 7.5 சதவீதத்தில் 1,333 பக்கம்தான் வரும், பக்கத்துக்கு 3 ரூபாய். நகலுக்கு 2 ரூபாய் வாங்கும் கடை அந்தக் கணக்கில் ஒரு நாள்கூட நடக்காது. அதனால் ரீஃபிலைக் குற்றம் மாதிரிப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ரீஃபில் செய்பவர் எத்தனை கிராம் போட்டார், கழிவுப் பகுதியைக் காலி செய்தாரா, பொடி அந்த மாடலுக்கு உரியதா என்ற மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். கழிவு நிறைந்த கார்ட்ரிட்ஜில் புதுப் பொடி போட்டால் அது கசிந்து தாளில் கோடாக இறங்கும். புது இயந்திரத்தோடு வரும் முதல் கார்ட்ரிட்ஜில் பல மாடல்களில் பொடி குறைவாகவே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது சீக்கிரம் தீர்ந்ததை வைத்து இயந்திரத்தை எடை போட்டுவிடக் கூடாது.

சரியான எடையை ஒரு தராசு சொல்லும். 12ஏ போல டிரம்மும் பொடியும் கழிவும் ஒரே உறைக்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜை மளிகைக் கடை மின்தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 500 பக்கம் ஓடியபின் மறுபடி வையுங்கள். கழிவு உள்ளேயே தங்குவதால் குறைந்த எடை முழுவதும் தாளுக்குப் போன பொடி. 15 கிராம் குறைந்திருந்தால் பக்கத்துக்கு 30 மில்லிகிராம். இரண்டு ரீஃபிலை ஒப்பிடவும், இரண்டு ஊழியர் எடுக்கும் விதத்தை ஒப்பிடவும், ஒரு மாதத்தை இன்னொரு மாதத்தோடு ஒப்பிடவும் இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. தனிக் குடுவையில் டோனர் ஊற்றும் பெரிய இயந்திரங்களுக்கு இது பொருந்தாது. அங்கே மீட்டர்தான் துணை.

கலர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 19798 என்ற தனி விதி இருக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் 5 சதவீதம் என்பதால் நான்கும் சேர்ந்து தாளில் 20 சதவீதம். கலர்ப் படம் ஒன்று முழுத்தாளில் அடித்தால் அந்தக் கணக்கெல்லாம் பறந்துவிடும்.

இனி ஒப்பந்தம். இயந்திரத்தை வாடகைக்கு விட்டு, டோனரும் பழுதும் தங்கள் பொறுப்பு, நகலுக்கு இத்தனை பைசா என்று பேசும் ஏற்பாடு அலுவலகங்களில் பரவியிருக்கிறது. பொடிச் செலவு தருபவருடையது என்பதால் கவரேஜ் வரம்பு ஒன்றை அவர் ஒப்பந்தத்தில் எழுதிவைப்பது நியாயம்தான். வரம்பை யார் எப்படி அளப்பது என்று எழுதாமல் விடுவது நியாயமில்லை. ஏ3 தாள் ஒன்றா இரண்டா, முன்பின் எடுத்தால் எத்தனை, தாள் சிக்கிப் பாழானது கணக்கில் வருமா, வரம்பு தாண்டியதை எந்த மீட்டர் காட்டும் என்பவை தாளில் இருக்க வேண்டும். டோனராகவே வாங்கும் அலுவலகம் விலைப்புள்ளியில் பக்க எண்ணிக்கையை மட்டும் கேட்காமல், எந்த ஐஎஸ்ஓ விதிப்படி, எத்தனை சதவீதத்தில் என்று இரண்டு கட்டம் கூடுதலாக வைத்தால் போதும். குறைந்த விலைக்காரர் யார் என்பது அந்த இரண்டு கட்டத்தில் மாறிவிடக்கூடும். பொதுப்பணம் செலவாகும் இடத்தில் இந்த அக்கறை கட்டாயம் என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு ஓர் அலுவலகத்துக்குத் தேவைப்படுவது ஒரு நோட்டும் பேனாவும்தான். டோனர் மாற்றும் அன்று மீட்டர் எண்ணைக் குறிக்க வேண்டும். கேனன் இயந்திரங்களில் 123 என்று போட்ட பொத்தானை அழுத்தினால் மீட்டர் வரும். பிரிண்டர்களில் கான்ஃபிகரேஷன் பக்கத்தை அடித்தால் அதில் மொத்தப் பக்கம் இருக்கும். தேதி, மீட்டர், போட்டது புதிதா ரீஃபிலா, எத்தனை கிராம், அந்தக் காலத்தில் என்ன வேலை அதிகம் ஓடியது என்று ஐந்து பத்தி. அடுத்த முறை மாற்றும்போது மீட்டரைக் கழித்தால் உங்கள் அலுவலகத்தின் உண்மையான பக்கக் கணக்கு வந்துவிடும். தீர்ந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்ததும் மாற்றிவிடாமல், எழுத்து மங்கும்வரை ஓட்டிவிட்டு மாற்ற வேண்டும். பல இயந்திரங்களில் அந்த எச்சரிக்கை பொடியைப் பார்த்துச் சொல்வதில்லை. அடித்த புள்ளிகளை எண்ணி ஊகித்துச் சொல்வது.

நான்கைந்து டோனர் மாற்றியபின் நோட்டில் பருவமும் தெரியத் தொடங்கும். பள்ளி சேர்க்கை நடக்கும் ஜூனில் மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றும் ஓடும். முதல் போக அறுவடையிலும் இரண்டாம் போக அறுவடையிலும் சிட்டா அடங்கல் கட்டுகள். மார்ச்சில் அலுவலகங்களின் ஆண்டுக் கணக்கு. ஒரு கடை மாதம் 2,500 நகல் எடுக்கிறது, சராசரி 7.5 சதவீதம் என்று நோட்டு சொல்கிறது என்போம். 10,200ஐ 6ஆல் பெருக்கி 7.5ஆல் வகுத்தால் 8,160. மூன்று மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு குடுவை. அறுவடை மாதத்தில் நகல் இரட்டிப்பானால் அதே குடுவை ஒன்றரை மாதம்தான். ஆகவே கொள்முதல் நிலையம் திறக்கும் செய்தி வரும்போது மீட்டரைப் பார்த்து, இருப்பில் பாதிக்கும் குறைவாக இருந்தால் தேனிக்கோ சின்னமனூருக்கோ அப்போதே சொல்லிவைத்துவிட வேண்டும்.